நல்ல நேரத்தில் பழகிய பெட்டி

புங்குடுதீவு மடத்துவெளியில் வினோஜா ரீச்சரைத் தெரியாதவர்கள் குறைவு. அப்படி யாராவது இருந்தால் அவர் கனடாவில் இருப்பார். அவருக்குங்கூட, செல்வரத்தினத்தாரின் மகளுக்கு முப்பத்திரண்டு வயதாகியும் கலியாணம் ஆகவில்லை என்ற செய்தி தவறாமல் போய்ச் சேர்ந்திருக்கும். கேட்பவர்களுக்கெல்லாம் அவளிடம் ஒரே பதில்தான்: எம்.எஸ்சி. முடியட்டும். அந்தப் படிப்போ முடிகிற வழியாக இல்லை. மாப்பிள்ளைக்குப் பயந்துதான் படிப்பை இழுக்கிறாள் என்று சொந்தக்காரர்கள் பகிடி விட்டார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். படிப்பு ஏன் இழுபட்டது என்ற உண்மைக் காரணம் பிடிபட்ட அன்று, சிரித்த வாயாலேயே அழவும் செய்தாள்.

வாரநாளில் அவளுக்குப் பள்ளிக்கூடம். கணினிப் பாடம் எடுப்பாள். சனிக்கிழமையானால் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, வாணர் பாலத்துக் காற்றோடு மல்லுக்கட்டி, வேலணை, மண்டைதீவுச் சந்தி எல்லாம் கடந்து யாழ்ப்பாணத்துக்கு விரிவுரைக்குப் போவாள். அம்மா பரிமளம் மருமகளின் பிள்ளைப்பேறு பார்க்கவென்று கனடா போனவர். குழந்தைக்குப் பல் முளைத்து, நடை பழகி, அது இப்போது ஆங்கிலத்தில் அடம்பிடிக்கிறது. அம்மா இன்னும் வந்தபாடில்லை. ஆக வீட்டில் இருந்தது அப்பாவும் மகளும்தான்.

செல்வரத்தினம் எழுபது வயதுக்காரர். தீவுக்காரர் பலரையும்போல இளவயதில் தெற்கே போய்ப் பதுளையில் கடை, பிறகு வவுனியாவில் கடை, முழங்கால் மறுத்த பிறகு ஊர். கடை போனாலும் கடைக்காரனின் புத்தி போகவில்லை. மாமாவின் கடையில் நின்று பழகிய காலத்தில் அவர் இரண்டு விதிகளைக் கற்றிருந்தார். புதிதாக எதைத் தொடங்கினாலும் பஞ்சாங்கத்தில் நல்ல நேரம் பார்க்க வேண்டும். முதல் நாள் எந்த வேளையில் கதவு திறந்ததோ, அதன் பிறகு தினமும் அதே வேளையில்தான் திறக்க வேண்டும். புதுச் சவர்க்காரக் கட்டியை உடைப்பதற்குக்கூட அவர் ராகுகாலம் கழியட்டும் என்று காத்திருப்பார். அதுவரை பழைய துண்டோடு சமாளிக்க வேண்டியது வினோஜாவின் தலைவிதி.

இந்த வீட்டில்தான் அவள் செயற்கை மூளை ஒன்றை வளர்த்துக்கொண்டிருந்தாள்.

பயப்படத் தேவையில்லை, சின்ன மூளைதான். காற்றிலே எத்தனையோ வானொலி அலைகள் போய்வருகின்றன. ஒரே மாதிரியான அலையில் பலவிதமாகச் செய்தியை ஏற்றலாம். அலையின் உயரத்தைக் கூட்டிக் குறைத்துக் குரலை ஏற்றுவது ஒரு விதம். அலை அதிரும் வேகத்தை அசைத்து ஏற்றுவது இன்னொரு விதம். அலையைச் சட்டுச்சட்டென்று திருப்பிப் போட்டு எண்களாக அனுப்புவது மூன்றாவது. இப்படி ஏற்றுவதைப் பண்பேற்றம் என்கிறார்கள். வந்து விழுகிற அலை எந்த விதத்தைச் சேர்ந்தது என்று தெரிந்தால்தான் அதற்குள் இருப்பதைப் பிரித்தெடுக்கலாம். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் இடையில் கடலில் நிற்கிற படகுக்கு இங்கிருந்தும் அலை வரும், எதிர்க்கரையிலிருந்தும் வரும், எல்லாம் கலந்தடித்து வரும். அதைக் கேட்டவுடனேயே இன்ன விதம் என்று சொல்லிவிடுகிற பெட்டி ஒன்று இருந்தால், படகின் வானொலி தானாகவே காதைத் திருப்பிக்கொள்ளும். அதுதான் வினோஜாவின் ஆசை.

ஆழ்கற்றல் மொடல்கள் இதைச் செய்யும் என்று உலகத்துக்கு ஏற்கெனவே தெரியும். ஆனால் அவற்றுக்குப் பெரிய கணினி வேண்டும், அந்தக் கணினிக்கு மின்சாரம் வேண்டும், சூடாகாமல் இருக்க விசிறி வேண்டும். படகிலே அதற்கெல்லாம் எங்கே போவது? அதனால் அவள் மொடலைச் சின்னதாக்கினாள். வேலியில் தழைத்த கதியால் கிளைகளை நறுக்குவதுபோலத் தேவையில்லாத இணைப்புகளை நறுக்கி நறுக்கி, கடைசியில் முத்திரை அளவு சில்லு ஒன்றுக்குள் அடக்கினாள். ரோர்ச் பற்றரியில் ஓடும். கடுகு சிறுத்தாலும் காரம் போகவில்லை என்று மேற்பார்வையாளரான கலாநிதி பவதாரணிக்கே மகிழ்ச்சி.

மொடலைப் பழக்குவதற்கு ஆயிரக்கணக்கான சிக்னல் துண்டுகள் தேவை. பல்கலைக்கழகம் அனுமதி எடுத்து, ஒரு சின்ன அனுப்பியைக் கொடுத்திருந்தது. அதில் மூன்று பொத்தான்கள், மூன்று விதச் சிக்னல்கள். அது வேலை செய்கிற நேரமெல்லாம் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது அனுமதியின் நிபந்தனை. கூரையில் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் அலையைப் பிடிக்கிற வாங்கியைக் கட்டி, விறாந்தையில் அனுப்பியை வைத்து, தொடங்கலாம் என்று அவள் கை வைத்தபோது அப்பா பஞ்சாங்கத்தோடு வந்து நின்றார்.

மூன்று சிக்னலும் மூன்று புதுச் சரக்கு என்றார். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக நேரம் பார்த்தார். முதலாவதுக்கு விடியப்புறம் உகந்தது, இரண்டாவதுக்குப் பின்னேரம், மூன்றாவதுக்கு விளக்கு வைத்த பிறகு. தொடங்கிய வேளையிலேயே தினமும் தொடர வேண்டும் என்பதும் கூடவே வந்தது. வினோஜா சிரித்தாளே தவிர மறுக்கவில்லை. பள்ளிக்கூடம் போவதற்கு முன் ஒன்று, வந்த பிறகு ஒன்று, தேநீர் குடித்த பிறகு ஒன்று என்று வசதியாகவும் இருந்தது. இன்னொன்றையும் மறைப்பானேன், நல்ல நேரத்தில் தொடங்கினால் நல்லதுதானே என்று அவளுடைய மனதின் ஒரு மூலையும் நினைத்தது.

மாதக்கணக்காகப் பதிவு நடந்தது. மொடல் பழகியது. சோதித்துப் பார்த்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சரி. பவதாரணி மிஸ் வாழைப்பழமும் கேக்கும் வாங்கி வைத்துத் துறை முழுவதற்கும் தேநீர் கொடுத்தார். செல்வரத்தினத்தார் ஊருக்குச் சொல்லவில்லை, கனடாவுக்குச் சொன்னார். அது ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டது.

பரிசோதனை குறிகட்டுவான் படகுத்துறையில் நடந்தது. பரிசோதகர் சிவகரன் வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர், அதிகம் பேசாத மனிதர். துறையடியில் ஒரு தண்ணீர் மோட்டர் இரைந்துகொண்டிருந்தது, நயினாதீவுக்குப் போகிற சனம் பூத்தட்டோடு வரிசையில் நின்றது. அனுப்பியில் முதலாவது பொத்தானை அமுக்கினார்கள். பெட்டி முதலாவது என்றது. இரண்டாவதை அமுக்கினார்கள். பெட்டி முதலாவது என்றது. மூன்றாவதுக்கும் முதலாவது என்றே அடித்துச் சொன்னது. என்ன கேட்டாலும் ஒரே பதிலைச் சொல்கிற மாணவர்கள் அவளுடைய வகுப்பிலும் இருந்தார்கள், ஆனால் அவர்கள் இவ்வளவு தைரியமாகச் சொல்வதில்லை. சிவகரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, இன்னொரு தடவை பார்ப்போம் என்றார். அந்த இன்னொரு தடவைதான் கடைசித் தடவை என்பதைப் பிறகு பல்கலைக்கழகம் சொன்னது. ஏற்கெனவே இரண்டு முறை தவணை நீட்டியாயிற்று. அடுத்ததும் பிழையாகப் போனால் பதிவு இரத்து, இத்தனை வருடப் படிப்பும் கடலில் கரைத்த பெருங்காயம்.

ஒரு கிழமை அவள் பெட்டியைத் தொடவில்லை. கணினி வகுப்பில் ஒரு பெட்டையைக் காரணமில்லாமல் ஏசினாள், பிறகு அவளுக்கு ரொபி வாங்கிக் கொடுத்தாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிய, சும்மா பார்ப்போம் என்று பெட்டியைப் போட்டாள். முதலாவது சிக்னல் என்று அது உறுதியாகச் சொன்னது. பரவாயில்லையே என்று திரும்பிப் பார்த்தால், அனுப்பி அலுமாரிக்குள் இருந்தது. அதன் வயர்கூடச் சுற்றிவைத்தபடி இருந்தது.

இல்லாத சிக்னலுக்கு இந்தக் கழுதை எப்படிப் பெயர் சொல்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை. பெட்டியை அணைக்காமல் விட்டுவிட்டுச் சமைத்தாள், உடுப்புத் தோய்த்தாள். பின்னேரம் வந்து பார்த்தால் இரண்டாவது சிக்னல் என்றது. விளக்குப் போட்ட பிறகு மூன்றாவது என்றது. அப்போதுதான் அவளுக்கு உச்சந்தலையில் உறைத்தது. விடியப்புறம் பக்கத்து வளவில் தோட்டத்துக்குத் தண்ணீர் மோட்டர் போடுவார்கள். பின்னேரம் கனடாவில் இருக்கிற தம்பி அனுப்பிய காசில் பூட்டிய சோலர் கூரையில் வேலை செய்யும். இருட்டினால் வீதி முழுக்க எல்ஈடி விளக்குகள். ஒவ்வொன்றும் காற்றில் தன் பங்குக்கு ஒரு இரைச்சலைக் கலக்கும். பெட்டி சிக்னலைக் கற்கவே இல்லை. மோட்டர் இரைந்தால் முதலாவது, சோலர் இரைந்தால் இரண்டாவது, விளக்கு இரைந்தால் மூன்றாவது என்று, காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதையாகக் கற்றுக்கொண்டிருந்தது. அவள் சோதித்த துண்டுகளும் அதே வேளைகளில் எடுத்தவை, ஆகவே அங்கேயும் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. குறிகட்டுவானில் இரைந்தது மோட்டர், ஆகவே அங்கே எல்லாமே முதலாவது. குறுக்கு வழி இருந்தால் மூளை, சின்னதோ பெரிதோ, நேர்வழியில் போகாது. இதை அவள் பிள்ளைகளிடம் எத்தனை தடவை பார்த்திருக்கிறாள்! குசினிக்குள் நின்று விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு முடிந்த இடத்தில் அழுகை வந்தது. நேரம் பார்த்துக் கொடுத்தவர் விறாந்தையில் கதிரையில் இருந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

பவதாரணி மிஸ் போனில் முழுக்கதையையும் கேட்டுவிட்டு, நீர் செய்தது பெரிய நகரங்களில் பெரிய ஆட்களும் செய்கிற பிழைதான், ஆனால் ஒருவரும் இப்படி முறையாக, பஞ்சாங்கப்படி செய்ததாகத் தான் கேள்விப்படவில்லை என்றார். மருந்து எளிது. மூன்று சிக்னலையும் எல்லா நேரத்திலும், எல்லா இரைச்சலிலும், மாற்றி மாற்றி எடுக்க வேண்டும். நாலாவதாக ஒன்றையும் பழக்க வேண்டும்: சிக்னல் இல்லாதபோது ஒன்றும் இல்லை என்று சொல்ல.

மருந்து எளிதுதான், அதை அப்பாவிடம் சொல்வதுதான் கடினம். மிஸ் சொன்னார், புது முறை என்றெல்லாம் முதலில் சுற்றி வளைத்தாள். கடைக்காரரிடம் அந்தச் சரக்கு விலைபோகவில்லை. திரும்பவும் பதிவென்றால் எந்த நேரத்தில் என்று கேட்டார்.

"எல்லா நேரத்திலையும், அப்பா. ராகுகாலம், எமகண்டம், எல்லாத்திலையும்."

"இந்த வீட்டிலை அது ஏலாது."

அதற்குப் பிறகு அவள் மறைக்கவில்லை. "நீங்கள் குறிச்சுத் தந்த நேரத்தாலைதான் பிழையாப்போனது," என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, மோட்டர், சோலர், விளக்கு என்று எல்லாவற்றையும் விளக்கினாள். முடிந்ததும் அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து வளவுப் பக்கம் போனார். அன்றிரவு சோறும் வேண்டாம் என்றார். கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம் என்று அவளுக்குப் பட்டது. ஆனால் சொன்னது பொய்யில்லையே.

இன்னொரு சிக்கலும் இருந்தது. மற்ற நேரங்களை அவள் எப்படியாவது சமாளிப்பாள். காலையும் மத்தியானமும் அவள் பள்ளிக்கூடத்தில். வாரநாளில் ராகுகாலம் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் வந்து உட்காரும். தவணைச் சோதனைக் காலம், லீவு கேட்டால் அதிபர் முறைப்பார். வீட்டில் இருக்கிற ஒரே ஆள் அப்பா. அவரிடம் எந்த முகத்தோடு கேட்பது? கேட்காமலே நாட்கள் போயின. அப்பாவும் மகளும், சாப்பாடு இருக்கு, கேற்றைப் பூட்டு என்ற அளவோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

ஒரு திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்து கணினியைத் திறந்தவள் திகைத்துப் போனாள். அவள் பதியாத புதுப் பதிவுகள் அதில் இருந்தன. மூன்று சிக்னலும் மாறி மாறி, இடையிடையே ஒன்றும் இல்லாமல். எடுத்த நேரம் காலை ஏழரைக்கும் ஒன்பதுக்கும் இடையில். திங்கட்கிழமை ராகுகாலம் அது. எப்படி இயக்குவது என்று அவள் அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே இல்லை; இத்தனை மாதமும் பக்கத்தில் இருந்து பார்த்தவருக்குச் சொல்லிக் கொடுக்கத் தேவையும் இருக்கவில்லை.

அப்பா குசினி வாசலில் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். அவள் போய்ப் பக்கத்தில் இருந்து தானும் ஒரு கிளையை எடுத்து உருவினாள். அவராகவே பேச்சை எடுத்தார்.

"பதுளையிலை என்ரை கடையை நல்ல நேரம் பாத்துத்தான் திறந்தனான், பிள்ளை. எண்பத்திமூண்டிலை கொளுத்த வந்தவங்கள் நேரம் பாக்கேல்லை."

எண்பத்துமூன்றுக் கலவரத்தில் கடை எரிந்தது அவளுக்குத் தெரியும். அதை அவர் இப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை. அப்படியென்றால் பிறகும் ஏன் பார்த்தீர்கள் என்று கேட்டாள்.

"பாக்காமல் விடப் பயமாயிருந்தது," என்றார். பிறகு, நாளைக்கு ராகுகாலம் மூன்று மணிக்கு, அவள் வந்துவிடுவாள்தானே, அவளே பார்த்துக்கொள்ளட்டும் என்று சாதாரணமாகச் சொன்னார்.

அதற்குப் பிறகு வீடு கலகலப்பாகிவிட்டது. புதன், வியாழன், வெள்ளி என்று அப்பா கடமைக்குப் போகிற உத்தியோகத்தர்போல மேலுக்குச் சட்டை போட்டுக்கொண்டு அனுப்பிக்குப் பக்கத்தில் இருந்தார். தொடங்குமுன் ஒருமுறை கண்ணை மூடிப் பிள்ளையாரைக் கூப்பிடுவார், அது வேறு விஷயம். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இருவரும் அனுப்பியையும் வாங்கியையும் தூக்கிக்கொண்டு சாட்டிக் கடற்கரைக்குப் போனார்கள். குளிக்க வந்த சனம் இவர்களைத் தொலைபேசிக் கொம்பனி என்று நினைத்து, வேலணையில் சிக்னல் இல்லை என்று முறைப்பாடு வைத்தது. செல்வரத்தினத்தார் எல்லாவற்றையும் கேட்டு, கவனிக்கிறோம் என்று வாக்கும் கொடுத்தார்.

மொடல் புதிதாகப் பழகியது. இந்த முறை நூற்றுக்குத் தொண்ணூறுதான் வந்தது. முந்தியதைவிடக் குறைவு, ஆனால் உண்மையான தொண்ணூறு என்றார் பவதாரணி மிஸ்.

கடைசிப் பரிசோதனையை, பெட்டி ஒருநாளும் போயிராத இடத்தில் வைக்க வேண்டும் என்று சிவகரன் கேட்டுக்கொண்டதால் நெடுந்தீவில் வைத்தார்கள். அதுவும் வெள்ளிக்கிழமை காலையில், ராகுகாலத்தைத் தொட்டுக்கொண்டு. வினோஜா திகதியை மாற்றச் சொல்லிக் கேட்கவா என்று அப்பாவைப் பார்த்தாள். அவர் ஏற்கெனவே வேட்டியை மடித்து வைத்துக்கொண்டிருந்தார். அனுப்பியோடு நிற்பதற்கு அவரைவிடப் பழகிய ஆள் இல்லை என்று பவதாரணி மிஸ்ஸும் சொல்லிவிட்டார்.

படகு கொஞ்சம் ஆட்டிவிட்டது, வேறொன்றுமில்லை. மாவிலித்துறையில் அப்பா அனுப்பியோடு நின்றுகொண்டார். சிவகரன் அவரோடு தனியாக ஏதோ பேசிவிட்டு வந்தார். மற்றவர்கள் முருகைக்கல் வேலி ஓரமாக அரைக்கட்டைத் தூரம் நடந்துபோய், ஒரு பூவரச மரத்தடியில் பெட்டியை வைத்தார்கள். நெடுந்தீவுக் குதிரை ஒன்று வந்து வயரை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது. சிவகரன் தள்ளி நின்று தொலைபேசியில் அப்பாவுக்கு ஒரு எண்ணைச் சொல்வார். பெட்டி என்ன சொல்கிறது என்று வந்து பார்ப்பார். இரண்டு. பெட்டியும் இரண்டு என்றது. ஒன்று, ஒன்று. மூன்று, மூன்று. ஒருமுறை பிழையாகச் சொன்னது, அடுத்ததில் திருந்தியது. பவதாரணி மிஸ் மூச்சு விடத் தொடங்கினார்.

திடீரென்று திரையில், ஒன்றும் இல்லை என்று வந்தது. வினோஜா பெட்டியைத் தட்டினாள். அன்ரனாவைத் திருகினாள். ஒன்றும் இல்லை. மணிக்கூட்டைப் பார்த்தாள். பத்தரை தாண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை ராகுகாலம் தொடங்கிவிட்டது. வீட்டுக்குள் தைரியமாக இருந்த மனிதர், மகளின் வாழ்க்கைப் பிரச்சினை என்றதும் பயந்துபோய் நிறுத்திவிட்டார். நாய் வாலை நிமிர்த்த முடியுமா? இத்தனை பாடுபட்டும் கடைசியில் இந்த மனிதர் பஞ்சாங்கத்தைத்தானே பிடித்துக்கொண்டார் என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது.

"மன்னிக்கோணும் சேர், அப்பா நிப்பாட்டிப்போட்டார் போலை. ராகுகாலம் தொடங்கிட்டுது, அவருக்கு அது ஏலாது."

சிவகரன் திரையைக் குனிந்து பார்த்தார்.

"நான்தான் நிப்பாட்டச் சொன்னனான். பத்தரைக்கு நிப்பாட்டுங்கோ, ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ எண்டு. பெட்டி சரியாத்தான் சொல்லுது." அவர் அன்றுதான் முதல் தடவையாகச் சிரித்தார். "உங்கடை அப்பா வேறை நேரம் வையுங்கோ எண்டு கெஞ்சினவர். பத்தரைக்கு நிப்பாட்டினால் பிள்ளை என்னைப் பிழையா நினைப்பாள் எண்டார். எனக்கு அப்ப விளங்கேல்லை."

இனி ஆய்வுப் புத்தகத்தை எழுதி முடிக்கலாம் என்று அவர் சொன்னதும், பவதாரணி மிஸ் அவளுடைய கையைப் பிடித்துக் குலுக்கியதும் அவளுக்கு எங்கோ தூரத்தில் நடப்பதுபோல இருந்தது. வெட்கத்தில் காது சுட்டது. பெட்டி அலையைக் கேட்டுப் பதில் சொன்னது. அவள்தான் மணிக்கூட்டைப் பார்த்து அப்பாவுக்குத் தீர்ப்புச் சொன்னாள்.

வேலி ஓரமாக ஓட்டமும் நடையுமாகத் துறைக்குப் போனாள். அப்பா வெயிலில் நின்றார். கையிலிருந்த குடையை அனுப்பிக்குப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, நான் உங்களைப் பிழையா நினைச்சிட்டன்."

"தெரியும்," என்றார் அவர். "அதை விடு. இதைத் திரும்ப எப்ப போடோணும் எண்டு அந்தச் சேரைக் கேட்டுக்கொண்டு வா."